தலைவர் போட்ட முடிச்சு

பட்டுத் தறியின் பாட்டாளியும் படவேட்டு மலையேறிய படைத்தலைவருமான எங்கள் சங்கத் தலைவர் லோகநாதன் அவர்களே! ஆரணி வானொலிச் சங்கத்துக்கு அறை தந்து ஆதரித்த அருளாளர் தணிகாசலம் அவர்களே! தறிக்குப் பாவு நூல் நீட்டிவிட்டுப் பந்தலுக்கு ஓடிவந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் என்னைப் பொறுமையிலும் சுமக்கும் தாய்மார்களே!

அருளாளர் அன்று என்ன சொன்னார்? "த பாரு ஜெயக்குமாரு, ரேடியோவுல சும்மா கத்திகினே கீற. மலை மேலருந்து நாலு ஊர்க்காரங்க கிட்டயாவது பேசிக் காட்டு. இல்லன்னா ரூமுல நூல் மூட்டைய அடுக்கிடுவேன்" என்றார். அந்த அறை போனால் நாங்கள் எங்கே போவோம்?

ஏறினோம். பேட்டரியைத் தலைவர் சுமந்தார், பெருமூச்சை நான் சுமந்தேன். உச்சியில் இரண்டு செப்புக் கம்பிகளை மார்பளவு உயரத்தில் இடமும் வலமும் இழுத்துக் கட்டினேன். அதுதான் ஏரியல். நடுவில் இடைவெளி வேண்டும். கம்பிகள் தொட்டுக்கொண்டால் குரல் வெளியே போகாது. இடைவெளி விட்டேன், அருகிலேயே ரேடியோவோடு உட்கார்ந்தேன்.

அழைத்தேன்! அலறினேன்! அடிவயிற்றிலிருந்து கூவினேன்! பதில் வந்ததா? வந்தது, குரங்கிடமிருந்து! சிரிக்காதீர்கள் ஐயா, என் எலுமிச்சைச் சோறும் அதோடு போயிற்று.

வெயில் ஏறியது, பேட்டரி இறங்கியது. மைக்கும் கையுமாக எழுந்து பார்த்தால், ஐயகோ! இடைவெளியில் ஒரு முடிச்சு!

"யாருங்க இத முடிச்சி போட்டது?"

"நான்தாம்பா. இழை அறுந்து கெடந்துச்சி. பாத்துகினு சும்மா இருக்க முடியுமா?"

தறிக்காரர் கை முடிந்தது தளருமா? அவிழ்க்கத் தலைவர் பல்லால் கடித்தார். நானோ மைக்கை இறுக்கிப் பிடித்தபடி அவர் தறியை, வேட்டியை, சம்பந்தி வீட்டை எல்லாம் சேர்த்துத் திட்டினேன். மூச்சு வாங்கக் கையைத் தளர்த்தினேன். ரேடியோ பேசியது!

"வெம்பாக்கத்துலருந்து சின்னக்கண்ணு பேசறேன் சார். யாரை இப்படித் திட்டிகினு கீறீங்க?"

முடிச்சு அவிழ்ந்திருக்கிறது! என் விரலோ மைக்கின் பேசும் பொத்தானை அழுத்தியபடியே இருந்திருக்கிறது! நான் திட்டியதைத் தென்னாடே கேட்டிருக்கிறது! சண்டை என்னவாயிற்று என்று கேட்டு வேலூர் வந்தது, மதுரை வந்தது, பெங்களூரும் வந்தது. நாலு ஊர்! பேட்டரி செத்தது, அறை பிழைத்தது. அதோ, அருளாளர் தலையாட்டுகிறார், பாருங்கள்! அன்று தலைவரைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டேன்.

அவையோரே! அறுந்ததைக் கண்டால் ஆறாத கை இது! இழையை மட்டுமா இணைத்தது? முகமறியா மனிதரை, முன்பின் காணாத ஊர்களை, எங்களோடு முடிந்து வைத்த கை அல்லவா! வாழ்க அந்தக் கை!

கைதட்டிய கைகளுக்கெல்லாம் நன்றி... ஐயையோ! இந்த மைக் ஒயர் எங்கோ பிய்ந்திருக்கிறதென்று தலைவர் எழுந்து வருகிறாரே! வேண்டாங்க ஐயா, கரண்டு இருக்குது! உட்காருங்க! அவர் கை வைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அனைவருக்கும் வணக்...