ஊசி நடுவில்தான் நிற்கிறது

கிட்டாரில் கோளாறு என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய கிட்டாரில் கோளாறே இருப்பதில்லை. கம்பி பழசாகியிருக்கும், அல்லது வயரை முழுதாகச் செருகியிருக்க மாட்டார்கள். அதை நேராகச் சொன்னால் முகம் வாடிவிடும். ஆகவே உள்ளே எடுத்துப்போய்ச் சற்று நேரம் வைத்திருந்து, துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான்ணே உயிர் வந்திருக்கு" என்பார்கள். மனிதக் காது அவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறது, ஐயா. அவ்வளவு எளிதில் தன்னையே நம்பாமலும் போய்விடுகிறது.

யாரும் அழைத்து நான் இங்கே வரவில்லை. அந்த லாரி ஓட்டுநரை நீங்கள் அடைத்து வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உழைத்துச் சாப்பிடுகிறவன் செய்யாத குற்றத்தைச் சுமக்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் மேடையில் பேசியவன் நான். அவன் ஹாரன் அடித்தான். எனக்குக் கேட்டது. என் மனைவிக்கும் கேட்டது. அவளுக்குக் காது மந்தம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்களாமே, அது பிழை. அவளுடைய இசைக்குழுவில் அவளுக்குப் பெயரே தராசு. ஒரு சுரம் மயிரிழை இறங்கினாலும் புருவம் சுருங்கிவிடும்.

உட்காரச் சொல்கிறீர்கள். நின்றுகொண்டே பேசுகிறேனே. சில நாட்களாகக் கால்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. இந்த மின்விசிறியில் ஒரு ரீங்காரம் இருக்கிறது, உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

நான் மனைவியைப் பூட்டி வைக்கும் ஆண்களில் ஒருவன் அல்லன். ஆணுக்கு என்ன உரிமையோ அதுவே பெண்ணுக்கும் என்று பேசி, பேசியபடியே மணந்தவன். அவள் மேடையில் வாசிப்பாள். மேடையோரத்தில் அவளுடைய கிட்டாருக்குக் காவலாக நான் நிற்பேன். ஒரு நாளும் அவளை "போகாதே" என்று சொன்னதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் நடந்தது உண்மையிலேயே என் கைப்பிழை. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்ற காந்தச் சுருள்கள் இருக்கும். கம்பியின் அதிர்வை அவைதாம் மின்சாரமாக்குகின்றன. அவளுடைய கிட்டாரில் ஒன்றை மாற்றியபோது அதன் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். தனித்தனியே கேட்டால் இரண்டு பிக்கப்பும் நன்றாகப் பாடும். சேர்த்துக் கேட்டால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ஒலியில் சதையே இராது. அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, ரெண்டும் சேர்ந்தா தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே?"

நான் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னேன். தொழில் செருக்கு, ஐயா, வேறொன்றுமில்லை. பிறகு திறந்து பார்த்தபோது என் தவறு தெரிந்தது. அவள் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் வயர்களை மாற்றிப் பற்றவைத்து மூடிவிட்டேன். திரும்பி வந்து வாசித்தவள் வியந்தாள். "இப்ப சரியாயிடுச்சே, என்ன பண்ணீங்க?" என்றாள். "ஒண்ணுமே பண்ணலையே" என்றேன்.

அப்போது அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் அதுவரை கண்டதில்லை. எதையும் எடைபோட்டுச் சொல்லும் அந்தப் பெண், முதன்முறையாக என் சொல்லுக்காகக் காத்து நின்றாள்.

அதன்பின் வெளிநாடுகளுக்குப் போய் வாசிக்கும்படி அவர்கள் குழுவுக்கு ஓர் அழைப்பு வந்தது. டிரம்ஸ் அடிக்கிறவன் கடைக்கு வந்து, "அண்ணே, தராசை ஒரு வருசம் கடனாக் குடுங்க. கீறல் விழாம திருப்பித் தந்துடறோம்" என்றான். பெண் என்ன கடன் கொடுக்கும் பண்டமா என்று நான் கேட்டேன். அவளுடைய பயணத்தை அவளே முடிவு செய்வாள் என்றும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "சும்மா சொன்னேண்ணே. கைதட்ட இங்க ஆள் இல்ல, மெதுவாப் பேசுங்க" என்றான். அவளும் சிரித்தாள். போவதென்று முடிவு செய்தாள். நான் வாழ்த்தினேன்.

டிரெமலோ என்ற பொறியைச் சற்று விளக்க வேண்டும். கம்பிகள் கட்டிய பலகையை ஒரு பக்கம் கம்பிகள் இழுக்கின்றன. மறுபக்கம், கிட்டாரின் முதுகுக்குள்ளிருந்து ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. இரண்டு இழுப்புக்கும் நடுவில், இரண்டு திருகாணிகளின் மேல், கத்தி முனை போன்ற விளிம்பில் அந்தப் பலகை நிற்கிறது. அதுவும் ஒரு தராசுதான். அதில் பொருத்திய இரும்புக் கையை அழுத்தினால் சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த விளிம்பு மழுங்கினால் பலகை எங்கோ சிக்கிக்கொள்ளும். சுருதி முழுதாகத் திரும்பாது. ஆனால் கையை ஒருமுறை மேல்நோக்கி இழுத்தால் சிக்கல் விட்டு, எல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடும்.

நான் அந்த விளிம்பில் ஓர் அரத்தை மிக இலேசாக ஓட்டினேன்.

அடுத்த நிகழ்ச்சியில், அந்த இரும்புக் கையை அழுத்தி வாசித்த முதல் பாட்டிலேயே அவள் தடுமாறினாள். வியர்த்தபடி மேடையோரம் வந்து கிட்டாரை நீட்டினாள். நான் வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, இரும்புக் கையை மேல்நோக்கி ஓர் இழுப்பு இழுத்தேன். பிறகு சுருதி காட்டும் டியூனரில் மாட்டிக் காட்டினேன். ஊசி நடுவில் நின்றது. "கருவி பொய் சொல்லாதும்மா" என்றேன். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இதுவே நடந்தது. வேறொரு கிட்டாரை இரவல் வாங்கினாள். அந்தக் குழுவின் கிட்டார்கள் எல்லாமே என் மேசைக்கு வந்து போகிறவைதாம்.

காது மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். கருவிகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவதில்லை என்று, வீடு திரும்பும் வழியில் அவளிடம் சொன்னேன். பயணத்துக்கு வரவில்லை என்று அவள்தான் குழுவுக்குச் சொன்னாள். நான் சொல்லவில்லை.

பிறகு அவள் பாட்டை மட்டுமல்லாமல் எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கினாள். குழாய் சொட்டுகிறதா, குக்கர் கூவுகிறதா, எதிர்வீட்டில் குழந்தை அழுகிறதா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். ஆம் என்றால் எழுந்து போவாள். இல்லை என்றால் அமர்ந்திருப்பாள். ஒரு நாள் வாசல் மணி அடித்தது. வந்தவன் அந்த டிரம்ஸ்காரன் என்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டேன். "மணி அடிச்சுதாங்க?" என்றாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. மணி மறுபடியும் மறுபடியும் அடித்தது. அவள் என் முகத்தைப் பார்த்தபடியே அசையாமல் அமர்ந்திருந்தாள். கணவனும் மனைவியும் அத்தனை நெருக்கமாக வாழ்ந்த வீடு வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னால் வாய்விட்டுக் கேட்பதையே விட்டுவிட்டாள். நிமிர்ந்து பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவே.

அந்த நாளுக்கு வருகிறேன். டிரம்ஸ்காரன் விடாப்பிடியாக அவளைத் தொலைபேசியில் பிடித்துவிட்டான். கிட்டாரை வெளியூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவதென்று பேசி முடித்திருந்தார்கள். அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. உறையின் ஜிப்பை இழுத்தபடி அவள் சொன்னது இது:

"உங்க வேலை சரியில்லன்னு குழுவுல பேசிக்கிறாங்களாம். எனக்குப் பொறுக்கல. இன்னொருத்தர் பாத்து, கிட்டார்ல தப்பே இல்லன்னு சொல்லட்டும். என் காதுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சா, அப்புறம் உங்களை யார் பேசுவாங்க?"

போய் வா என்றேன். திறந்த முதல் நிமிடத்திலேயே எந்த மெக்கானிக்குக்கும் அந்த அரத்தின் தடம் தெரிந்துவிடும்.

டிரம்ஸ்காரனின் வேன் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. அவன் பின்கதவைத் திறந்து இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். கடைக்கு முன்னே நிறுத்தியிருந்த குப்பை வண்டி, வளைவை முழுதாக மறைத்திருந்தது. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் அந்தக் குப்பை வண்டியின் மூக்கு வரை போனாள். ஹாரன் கேட்டது. நீண்ட, தெளிவான ஹாரன். அவள் நின்றாள்.

நின்று, திரும்பி, வாசற்படியில் இருந்த என்னைப் பார்த்தாள்.

ஒரு பெண் நின்று பின்னால் திரும்பிப் பார்த்ததாகவும், ஓர் ஆள் தலையை ஆட்டியதாகவும், லாரியின் உயரத்திலிருந்து குப்பை வண்டிக்கு மேலாகப் பார்த்ததாக அந்த ஓட்டுநர் சொன்னானாம். தப்பிக்கப் புனைகிறான் என்று நீங்கள் சிரித்தீர்களாம். அவன் புனையவில்லை. நான் தலையை ஆட்டினேன். வழக்கம்போல, இரண்டு பக்கமும், மெதுவாக. அவள் எனக்கு ஒரு சிறு புன்னகை தந்துவிட்டுச் சாலையில் இறங்கினாள்.

அவனை விட்டுவிடுங்கள். அந்தக் கிட்டாரைச் சான்றாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும், கொண்டுவந்திருக்கிறேன். கீழே விழுந்தும் கழுத்து முறியவில்லை. மழுங்கிய பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பொருத்தியிருக்கிறேன். கோளாறோடு ஒரு கருவியைக் கைமாற்றிக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. கையை எவ்வளவு அழுத்தினாலும் சரி, விட்டதும் ஊசி நடுவில் வந்து நிற்கும். பாருங்கள். நான் தொழிலில் நேர்மையானவன். அவளையும் நான் ஒரு சொல்லால்கூடத் தடுத்தது கிடையாது. கடைசி அடி வரை தன் விருப்பப்படிதான் நடந்தாள்.

இப்போது வெளியே ஒரு ஹாரன் கேட்டது. இல்லையா, ஐயா? இங்கே வந்ததிலிருந்தே விட்டு விட்டுக் கேட்கிறது. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய் திறந்து சொல்ல வேண்டாம். தலையை அசைத்தால் போதும்.