ஏசுவடியான் வீட்டு ரம்புத்தான்

அங்கே பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், எனக்கும் வாசனை வருகிறது. என் தொப்பையைப் பார்த்தாலே தெரியும், சாப்பாட்டை நான் தள்ளிப்போடுகிறவன் இல்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு கதை சொல்லாமல் இந்தக் கல்யாண மேடையை விட்டு இறங்கினால் இன்றைக்கு எனக்குச் செரிக்காது. சின்னக் கதைதான்… பயப்படாதீர்கள்.

குலசேகரம் பக்கம் ஏசுவடியான் என்று ஒருவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பு எப்போதும் அடுத்தவன் சட்டைப்பையில்தான் இருக்கும் என்பது அவர் சர்வீஸில் கற்ற பாடம். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு ரம்புத்தான் மரம். யாரோ தின்றுபோட்ட கொட்டையில் முளைத்தது. நம் பூந்திக்கொட்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஆனால் இது துணி துவைக்காது, முடி முளைத்த சிவப்புப் பழத்தைத் தோல் உரித்துத் தின்னலாம்… காய்த்தால்.

காய்த்தால்தானே?

பூக்கும். என்னமாய்ப் பூக்கும் தெரியுமா? மாசி பிறந்தால் கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாக, தெருவே மணக்கும். ஏசுவடியான் நாற்காலி போட்டு அடியில் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவனிடம் எல்லாம், "பாத்தீரா வே, நம்ம மரம்," என்பார். வைகாசி வந்தால் ஒரு பிஞ்சு கிடையாது. எதிர்வீட்டில் கட்டிக்கொடுத்த மகள் பெனினாள் வீட்டு மரமோ பழத்தின் பாரம் தாங்காமல் கொம்பை முறிக்கும்.

மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. யார் மேல் பழி போடலாம்? பக்கத்துத் தோட்டத்தில் லீதியாள் தேன்பெட்டி வைத்திருந்தாள். புருஷன் இல்லாதவள். அந்தப் பெட்டிகள்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி. போதாதா? கிராம சபையில் மைக்கைப் பிடித்துவிட்டார். இவள் வளர்க்கிற ஈ என் மரத்துப் பூவை உறிஞ்சிச் சக்கையாக்குகிறது, இவள் தேன் திருடி, பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள் என்றார். கூட்டத்தில் ஒருவராவது, ஐயா, அதே ஈ எதிர்வீட்டு மரத்துக்கும் போகிறதே என்று கேட்டார்களா? கேட்கவில்லை. கைதட்டினார்கள். நம் ஜனங்களுக்கு மைக்கில் எதைச் சொன்னாலும் சரி… இல்லையென்றால் என்னை இந்த மேடையில் ஏற்றுவீர்களா?

லீதியாள் மறுநாளே பெட்டிகளை வண்டியில் ஏற்றி, திற்பரப்பில் அண்ணன் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அடுத்த மாசி வந்தது. ஏசுவடியான் மரம் பூத்தது… காய் இல்லை. சரி, அது பழைய கதை. பெனினாள் வீட்டு மரமும் காய்க்கவில்லை. அதுதான் புதுக் கதை. அவள் பதறிப்போய் விவசாய ஆபீசரம்மாவைக் கூட்டிவந்தாள். அந்த அம்மா இந்த மரத்துப் பூவைப் பார்த்தார், அந்த மரத்துப் பூவைப் பார்த்தார்.

"சார், உங்களுடையது ஆண் மரம். பூவில் மகரந்தம் மட்டும்தான் இருக்கு, காயாகிற பாகமே கிடையாது. உங்க மக வீட்டு மரத்தைக் காய்க்க வைத்தது இந்த மகரந்தம்தான். அதைச் சுமந்துபோக இந்தத் தெருவில் இப்போ தேனீ எங்கே?"

வெட்கப்பட்டிருப்பார் என்கிறீர்களா? நீங்கள் ஆண்பிள்ளைகளை அறியாதவர்கள். நெஞ்சு இரண்டு அங்குலம் ஏறிவிட்டது. எதிர்வீட்டுப் பழத்துக்கெல்லாம் நம்ம மரம்தான் அப்பன் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் வீட்டுக்காரி சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். லீதியாளின் பெட்டிகள் திரும்பி வருகிறவரை அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டாள். போனார்.

லீதியாள் உட்காரச் சொன்னாள், தண்ணீரும் கொடுத்தாள்.

"பெட்டி கொண்டுவாறேன் அண்ணாச்சி. ஆனா என்னைத் திருடின்னு சொன்ன அதே மைக்குல, கொற உங்க மரத்துலதான்னு நீங்க சொல்லணும்."

அடுத்த கிராம சபை. ஏசுவடியான் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "எங்க மரம் வந்து… ஆண்… ஆண்மையுள்ள மரம்," என்றார்.

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. லீதியாள் சிரிக்கவில்லை.

"மீதியையும் சொல்லுங்க அண்ணாச்சி."

மைக் கீச்சிட்டது. அவர் தலை குனிந்தது.

"அது… காய்க்காது. லீதியாள் மேல தப்பில்ல."

பெட்டிகள் திரும்பி வந்தன.

எதற்குக் கல்யாண வீட்டில் மரக்கதை என்கிறீர்களா? மாப்பிள்ளைத் தம்பி, இன்னும் ஆறு மாதம் போகட்டும். "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். யாரைப் பார்த்துக் கேட்பார்கள்? உங்களையா? அதோ, மாலையோடு நிற்கிறதே அந்தப் பெண்ணை. மருந்து யாருக்கு? அவளுக்கு. நேர்ச்சை யாருக்கு? அவளுக்கு. பேச்சு யாருக்கு? அதுவும் அவளுக்கு. நீங்கள் பவுடர் பூசிக்கொண்டு கம்பீரமாகத் திரிவீர்கள். பூ நிறைய இருக்கிறதே, குறை நம்மிடம் எப்படி இருக்கும் என்ற நினைப்பு. பெண்ணை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்த பிறகு மகனைப் பரிசோதித்துப் பார்த்த வீடுகள் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பிள்ளை கர்த்தர் தருகிறபோது வரட்டும். தாமதமானால் ஆஸ்பத்திரியில் முதல் டோக்கனை உங்கள் பெயரில் போடுங்கள், தம்பி. என்ன, முன்வரிசை ஆண்களே, ஒருவர் தலையும் ஆடவில்லையே… ஆட்டுங்கள், காசா பணமா?