பால் டப்பா வேலி

பயந்துக்காதீங்க எம்.பி. ஐயா, திருடன் இல்லீங்க. டப்பாச் சத்தந்தானுங்க. எங்க பாப்பாவோட பால் பவுடர் டப்பாங்க. ஊட்டச் சுத்தித் தறி நூலக் கட்டி, அதுல தொங்க உட்டிருக்குது. இருட்டுல உங்க டிரைவர் கால் பட்டிருக்கும். உக்காருங்க, அவரு பாத்துக்குவாரு.

யாருங்களா? எங்க ஊட்டுக்காரருங்க, சிவபிரகாஷ். நீங்க பாக்க வந்ததே அவரத்தானுங்களே. இல்லீங்க, இப்பக் கூப்பிட்டாலும் வர மாட்டாரு. பொழுது சாஞ்சா வெளியவேதான்.

இவ யாழினி. எட்டு மாசம். கன்னத்துலயா? கொசுக்கடிங்க. இந்தத் தறிச் சத்தத்துல எப்படித் தூங்கறான்னு வாரவங்க எல்லாரும் கேக்கறாங்க. வெண்ணந்தூர்ப் புள்ளைங்களுக்கு இதுதானுங்க தாலாட்டு. தறி நின்னாத்தான் முழிச்சுக்குவாங்க.

இவரு காவலுக்கு நின்ன பனி மலையப் பத்தி நீங்க டெல்லியில பேசுனத போன்ல முழுசாக் கேட்டேனுங்க. இங்கிலீஷுதான். சேலத்துல கான்வென்ட்ல படிச்சவ நானு, சிஸ்டருங்க அடிச்ச அடி வீண் போகலீங்க. சிரிக்கறீங்க. அந்த மல உச்சியில நம்ம பசங்க குளிர்லயே சாகறாங்க, பேசி முடிச்சுக் கீழ எறக்குங்க, ராணுவத்துக்குக் கொட்டறதுல கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குக் குடுங்கன்னீங்க. துப்பாக்கி மட்டுமே நாட்டுக்குக் காவல் இல்லைன்னீங்க. அங்க உங்களத் துரோகின்னு கத்தறாங்க, இங்க அடுப்படியில நானு கை தட்டறேன். பாப்பாவத் தூக்கி, அப்பா வாராருடின்னேன்.

அந்த மலக் காவல் போஸ்ட்டக் காலி பண்ணாங்க. இவரும் லீவுல வந்தாரு. அதுக்குத்தான நாளைக்கு ராசிபுரம் மேடையில எங்க மூணு பேரையும் நிறுத்தறேங்கறீங்க? தப்புன்னு சொல்லலீங்க. இன்னைக்குக் கேட்டாலும் எறக்குங்கன்னுதான் சொல்லுவேன்.

ஆனா அவரு இன்னும் எறங்கலீங்களே.

டப்பா கட்டுனதே அவருதான். நாங்க வந்துட்டா மேல யாரு நிக்கறதுங்கறாரு. விடிய விடிய ஊட்டச் சுத்தி நடை. தாப்பாப் போட்டுக்கன்னு தெனமும் சொல்லுவாரு. நானு போட மாட்டேன். கால் வலிச்சாவாச்சும் உள்ள வருவாருன்னு சும்மா சாத்தி வெப்பேன். அவரு மலையில இருந்தப்பக்கூட இத்தன தனியா இருந்ததில்லீங்க. அப்ப அவருகிட்ட இருந்து போனாச்சும் வரும்.

நேத்து வந்தாருங்க, உள்ள.

கரண்ட் போயித் தெருவுல தறியெல்லாம் நின்னுது. பாப்பா வீல்னு கத்துனா. ஓடி வந்து அவ வாயப் பொத்திட்டாரு. சத்தம் போட்டா எதிரிக்கு எடம் தெரிஞ்சுருமாம். நானு கையப் பிரிக்கறதுக்குள்ள மூஞ்சியே நீலமாயிருச்சு. வெளக்கு வந்ததும் சாமி, சாமின்னு அவ காலப் புடிச்சுக்கிட்டு அவருதான் அழுதாரு.

கொசுக்கடி இல்லீங்க அது.

கார்ல வரச் சொல்றீங்களா? அவர இப்படியே உட்டுட்டு எங்கீங்க போறது? மேடையும் வேண்டாங்க. ஆஸ்பத்திரின்னு பேசுனீங்களே, எறங்கி வந்தவங்களுக்கும் ஒரு டாக்டரக் கேளுங்க. நாளைக்கே ஒருத்தர அனுப்புங்க.

ஐயோ, கரண்ட் போயிருச்சே. தறி நிக்குது. கெளம்புங்கய்யா. டார்ச் அடிக்காதீங்க, உங்க பேரச் சொல்லிக்கிட்டே போங்க. பாப்பா முழிச்சுட்டா. டப்பா ஆடுது, இந்தப் பக்கந்தான் வாராரு. இப்ப வெளிய போகாதீங்க, கதவுல இருந்து கைய எடுங்கய்யா.

ஏனுங்க, நாந்தானுங்க. பாப்பா பசிக்கு அழறா, வேற ஒண்ணுமில்ல. நீங்க வர வேண்டாம். தெனமும் சொல்லுவீங்களே, இன்னைக்குக் கேட்டுட்டேன். தாப்பாப் போட்டுட்டேனுங்க.