நடுவில் கொடுத்த உருண்டை

எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. தேதி, வானிலை, அன்று செய்தது, இந்த மூன்றையும் தினமும் எழுதும்படி மாலை வகுப்பு ஆசிரியர் முதல் நாளே சொன்னார். அதனால்தான் நீங்கள் கேட்பதற்கெல்லாம் என்னால் பதில் சொல்ல முடிகிறது. நேரம் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். என் கைக்கடிகாரத்தை நான் முழுதாக நம்புவதில்லை.

பகலில் போகாஸ் தீவின் கடல் ஆய்வு நிலையத்தில் மீன்களுக்குத் தீனி வைக்கிறேன். பவளக் கற்களுக்கு அடியில் நாடா போலத் தட்டையாக ஒரு புழு இருக்கும். பல் கிடையாது, ஓடு கிடையாது, வேகமும் கிடையாது. உடம்பிலிருக்கும் நஞ்சு மட்டும்தான் அதற்குத் துணை. மீன் அதை வாயில் போட்டதும் துப்பிவிடும். அந்தப் புழுவின் சாற்றைத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்ப்பதுதான் எங்கள் சோதனை. முதலில் வெறும் உருண்டை, மீனுக்குப் பசி இருக்கிறதா என்று தெரிய. அடுத்து சாறு கலந்தது. கடைசியில் மறுபடி வெறும் உருண்டை. அதைத் தின்றால், நடுவில் துப்பியது வயிறு நிறைந்ததால் அல்ல என்று தெரிந்துவிடும்.

நூற்றுப் பன்னிரண்டு மீன்களில் ஒன்று மட்டும் நடு உருண்டையை விழுங்கியது. மறுநாள் காலை மிதந்தது. என் மேலாளர் எவாரிஸ்தோ சிரித்தார். "இது நல்ல வளர்ப்புல வந்த மீன் போல, யாமி. குடுத்ததத் துப்புறது மரியாதை இல்லன்னு நெனச்சிருச்சு."

என் சித்தி ஓரில்டா துப்புவாள். அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவள். பக்கவாதம் வந்து படுத்துப் பதினான்கு மாதம். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. தேங்காய்ப்பால் சோற்றை மசித்து ஊட்டினால் பாதி என் சட்டையில் விழும். "மீனுக்கு வைக்கிற அதே கைதானடி? கிட்ட வராத, வீசுது" என்பாள். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வகுப்புக்குப் போகும் படகு ஐந்தரைக்கு. பதினோரு முறை தவறவிட்டேன். இன்னொரு முறை வராவிட்டால் பெயரை அடித்துவிடுவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார்.

எனக்குக் கோபம் இல்லை. களைப்புதான். இரண்டையும் நான் குழப்பிக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை, லேசான மழை. நிலையத்துக்கு விடுமுறை. மூன்று நாற்பதுக்கு மூன்று சோற்று உருண்டைகள் பிடித்தேன். வழக்கமாகப் பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டே ஊட்டுவேன். அன்று அவள் உதடு சரியாகத் தெரிய வேண்டும் என்று முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் உருண்டையை விழுங்கினாள்.

"என்னடி, பையக் காணோம்? இன்னிக்குப் படகு ஓடலையா?"

"ஓடுது சித்தி. நேரம் இருக்கு."

இரண்டாவதை வாயிலேயே வைத்திருந்தாள். முகம் சுருங்கியது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கசக்குதுடி."

"பிடிக்கலைன்னா துப்பிடு சித்தி." இதை நான் சொன்னேன். இது அப்படியே பதிவாக வேண்டும்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "பதினாலு மாசத்துல இன்னிக்குத்தான் பக்கத்துல உக்காந்து ஊட்டுற. இதத் துப்பிட்டா நாளைக்கு உக்காருவியா நீ?"

விழுங்கினாள். மூன்றாவதையும் விழுங்கினாள். அவள் வாயைத் துடைத்துவிட்டு ஐந்தரைப் படகைப் பிடித்தேன். அன்று வகுப்பில் பின்னங்கள் நடத்தினார்கள். வீடு திரும்பியபோது அவள் குளிர்ந்து கிடந்தாள். மருத்துவர் மறுபடி பக்கவாதம் என்று எழுதிக் கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பழக்க தோஷத்தில் நிலையத்தின் ஏட்டில் நூற்றுப் பதின்மூன்றாவது வரியை நிரப்பிவிட்டேன். மீன் வகை என்ற இடத்தில் 'ஓ' என்று எழுதினேன். பிறகு மூன்று கட்டங்களிலும் 'விழுங்கியது'. எவாரிஸ்தோ அதில் விரலை வைத்து, "இது எந்த மீன் யாமி?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னேன். கேட்டதும் அவர்தான் உங்களைக் கூப்பிட்டார்.

நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். சாற்றைக் கலந்தது நான்தான். விழுங்கிய மீன் என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்றுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை. அவள் துப்பியிருக்கலாம். தினமும் துப்பியவள்தானே.