பங்காளித் தீட்டு

மூட்டையக் கட்டுங்கன்னு நிக்காத தம்பி, உக்காரு. மூணு நாளா ஆடிப் பூசை. கூழு ஊத்துறது, தீச்சட்டின்னு நின்னு நின்னு காலு ரெண்டும் கழண்டு போச்சு. நீயும் தெப்ராவ் தோட்டத்துலேருந்து இந்தச் சாஆ தோட்டம் வரைக்கும் லாரியில தொங்கிக்கிட்டு வந்திருக்க. கோப்பியக் குடி. கப்பலு வெள்ளிக்கெழமதானே? கித்தா ரப்பரு வெல விழுந்து போச்சு, ஆளுங்கள ஊருக்கே திருப்பி அனுப்புறானுங்க, அதுல உங்களுக்கும் எடம் கேட்டு வச்சிருக்கேண்ணேங்கிற. அம்மா கண்ண மூடுறதுக்குள்ள மூத்தவன் ஐயாசாமியப் பாத்துப்புடணும்ங்கிறாங்க. கேட்டேன்யா. எல்லாம் காதுல விழுந்துச்சு.

என்ன அப்படிப் பாக்குற? நீ கேட்டதும் முழிச்சேனே, நம்ம குலதெய்வத்துப் பேரு கூடவா மறந்து போச்சுங்கிறியா? பதினெட்டு வருஷம் ஓடிப் போச்சேப்பா அர்ச்சுனா. அண்ணன் கெளம்புனப்ப உனக்கு அஞ்சு வயசுன்னு நீதானே சொன்ன. அவரு மொகம் உனக்கு ஞாபகம் இருக்கா? இல்லல்ல? அப்புறம் என்னை மட்டும் ஏன் போட்டுக் கொடையிற.

சரி, கோவிச்சுக்காத. வார்த்தைக்கு அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியும். பண்டாரம் பண்டாரம்னு இந்தத் தோட்டமே என்னைக் கூப்பிடுது, அப்படின்னா என்னன்னு ஒரு பயலுக்குத் தெரியாது. பூக்கட்டி மணியடிக்கிறவன்னு நெனைக்கிறானுங்க. பண்டாரம்னா பொருள் வைக்கிற எடமாம். கோயில் பொருளக் காத்தவனுக்கும் அந்தப் பேரே நின்னு போச்சுன்னு சிகாமட் டவுனுல ஒரு வாத்தியாரு சொன்னாரு. கோத்திரம்னா ஆதியில மாட்டுத் தொழுவமாம். நல்லாருக்கில்ல? இங்க தொரை எல்லாரையும் ஒரே லயத்துல அடைச்சு வச்சிருக்கான். நம்ம ஆளுங்க மட்டும் நீ என்ன கோத்திரம், அவன் என்ன கோத்திரம்னு கேட்டுக்கிட்டு அலையிறானுங்க.

எங்க படிச்சேனா? பொறப்புல வந்தவனுக்கு அர்த்தம் எதுக்குய்யா. எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு. எவன் எப்பக் கேப்பானோன்னு பயந்து பயந்து சேத்து வச்சேன். வழியில போற பரதேசியக் கூட விட்டதில்ல. ஏன் பயமா? இரு, அதுக்குத்தான் வர்றேன்.

மாத்துன்னா தெரியுமா உனக்கு? எழவு வீட்டுக்கு வெளுக்கிற குடி கொண்டாந்து குடுக்கிற துணி. அது வராமப் பொணத்த எடுக்க மாட்டாங்க. எங்கப்பன் ஊரு முழுக்க மாத்துக் குடுத்தவன். ஆமா, எங்கப்பன். குறுக்கப் பேசாதப்பா, சொல்லி முடிச்சிர்றேன்.

கப்பல்ல எம் பக்கத்துல ஒருத்தரு படுத்து வந்தாரு. சிங்கப்பூருக்கு வெளிய தீவுல, நோயி இருக்கான்னு பாக்க எறக்கி அடைச்சு வச்சாங்க பாரு, அங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சலு. கூட வந்தவங்கள எல்லாம் ஆளுக்கொரு தோட்டமா ஏத்தி அனுப்பிட்டாங்க. கொட்டகையில நாங்க ரெண்டு பேருதான் மிச்சம். தங்கமான மனுசன்யா. எந்தலைய எடுத்து மடியில வச்சுக் கஞ்சி ஊட்டுனாரு. வெளுக்கிறவன் தலைய எவன் மடியில வைப்பான் சொல்லு? நான் தேறிட்டேன். அவரு போயிட்டாரு. மாத்துக்கு எங்க போறது? எந்துண்டத் தொவைச்சுக் காயப்போட்டு அவரு மேல போத்துனேன். அவரோட பூசை மணிய எடுத்து வச்சேன், ஆளுங்க யாராச்சும் தேடி வந்தாக் குடுக்கலாம்னு.

கரைக்கு வந்தா, இந்தத் தோட்டத்துக் கங்காணி காளியப்பன் நிக்கிறாரு. கையில மணியப் பாத்துட்டு, நீதான் பண்டாரமா, அம்மனுக்கு வெளக்கேத்த ஆளில்ல, ஜனமெல்லாம் காய்ச்சல்ல சாகுது, சீக்கிரம் வாய்யான்னாரு. நான் தலைய ஆட்டிட்டேன். வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லல தம்பி. தலையத்தான் ஆட்டுனேன். தோட்டத்துப் பேரேட்டுலயும் ஐயாசாமின்னு அவரு பேரையே எழுதிட்டாங்க.

ஒளறலய்யா. பூசைக் களைப்புமில்ல. உக்காரு.

சரி, கத்து. லயத்துல கேட்டாக் கேக்கட்டும். நாளைக்கு என்னை அடிச்சு வெரட்டுவானுங்க, வெரட்டட்டும். எனக்கு அலுத்துப் போச்சு. ஆடி அமாவாசை தவறாம அவருக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கிறேன். உரிமையில்லாத கை, போய்ச் சேருதோ என்னவோ. நீ வந்து அண்ணேன்னு கால்ல விழுந்தப்ப, பேசாமக் கெளம்பிடலாம்னுதான் நெனச்சேன். உங்கம்மாவுக்குக் கண்ணு மங்கல்னு வேற சொன்ன. ஒரு தடவ மகனேன்னு கூப்பிடுவாங்களேன்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு. பாவின்னு நெனச்சுக்க, பரவால்ல.

ஆனா ஒண்ணு. பங்காளின்னா சொத்துல மட்டும் பங்கில்ல, சாவுத் தீட்டுலயும் பங்கு. எத்தன வருஷம் கழிச்சுச் சாவுச் சேதி கேட்டாலும், கேட்ட அன்னிக்கு முழுகிடணும். ஐயாசாமிக்குன்னு இதுவரைக்கும் யாரும் முழுகல. எந்திரி தம்பி. பின்னால கெணறு இருக்கு, போய்த் தலைமுழுகிட்டு வா.