ஆறு வாற பக்கம்

— ரெண்டு கையாலையும் என்ரை கையைப் பிடிச்சவர், நாயகி! பள்ளிக்கூடத்துப் பிரின்சிபல்! "மிஸ்டர் கிறிஸ்துநாயகம், நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு" எண்டார். காலமை போன எங்கள் ஆறு பேருக்கும் தானே கோப்பி ஊத்தித் தந்தவர்.

— நீங்கள் வாய்க்கு வந்தபடி கத்தேல்லைத்தானே?

— நான் ஏன் கத்துறன்? எங்கடை பில்டிங் சீமோன் அண்ணைதான் இங்கிலீசிலை வடிவாச் சொன்னார். எங்கடை றஜிதாவின்ரை ரீச்சர், அந்த மிஸ் வோல்ஷ், பிள்ளையளை ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், "மீன் செத்துக் கிடக்கு பாருங்கோ, தமிழ் ஆக்கள் கார் எண்ணெயை ஊத்தினதாலைதான்" எண்டு படிப்பிக்கிறாவாம். உதுக்குப் பேர் சூழல் பாடமாம்! உப்பிடி ஒரு ரீச்சர் எங்களுக்கு வேண்டாம் எண்டம்.

— பாவமப்பா. மனுசிக்கு வேலை போனால்?

— என்ன கதை இது! நான் ஞாயிற்றுக்கிழமையளிலை கார் பார்க்கிங்கிலை நாலு பேற்றை காரைத் திருத்துறன் எண்டு முழு பில்டிங்குக்கும் தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் நிலத்திலை விட்டிருப்பனே? கலனிலை பிடிச்சுக் கராஜிலையெல்லே கொண்டுபோய்க் குடுக்கிறன்! நாலு வரியமா இருக்கிற வீட்டாலை எழுப்பி விட்டாங்களெண்டால் இந்தக் குளிருக்கை எங்கை போறது?

— பொறுங்கோ, கதவு தட்டுது. றஜிதா சாப்பிட வந்திட்டாள், தம்பிக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை பிட்சா... ஐயோ, என்ன பிள்ளை? ஏன் அழுறாய்? கோட் எங்கை?

— அம்மா, மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போட்டினம்! பாடம் நடக்கேக்கை பிரின்சிபல் வந்து காதுக்கை என்னவோ சொன்னவர். மிஸ்ஸின்ரை கையிலை சோக் அப்பிடியே இருந்தது. அதோடையே போட்டா.

— இண்டைக்கேயோ? விசாரிச்சுப் பாக்கிறன் எண்டெல்லே எங்களுக்குச் சொன்னவர்!

— எங்களுக்கோ? அப்பா, பிறகு பிரின்சிபல் கிளாஸுக்கு "பேரன்ட்ஸ் கம்ப்ளெயின் பண்ணிட்டினம்" எண்டு சொன்னது உங்களையோ?

— ஓம், என்னைத்தான்! எங்கடை சனத்தைப் பழி சொன்னால் பாத்துக்கொண்டு இருக்கவோ?

— மிஸ் பழி சொன்னவ எண்டு ஆர் சொன்னது?

— சீமோன் அண்ணை.

— அவருக்கு எப்பிடித் தெரியும்? அவர் எங்கடை கிளாஸிலை இருந்தவரோ?

— பார் நாயகி, தேப்பனையெல்லே விசாரிக்கிறாள்!

— மிஸ் அப்பிடித்தான் கேக்கச் சொன்னவ அப்பா. ஆர் சொன்னாலும், உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேளுங்கோ, என்னையும் கேளுங்கோ எண்டவ.

— பிள்ளை கேக்கிறதிலை என்ன பிழை? சீமோன் அண்ணைக்கு ஆர் சொன்னதாம்?

— சூப்பர், எங்கடை பில்டிங்கைப் பாக்கிற ஆள்.

— சூப்பருக்கு?

— சூப்பருக்கு... பள்ளிக்கூடத்திலை இருந்து போன் வந்ததாம்.

— ஆர் எடுத்ததாம்?

— பிரின்சிபல்.

— உங்களுக்குக் கோப்பி ஊத்தித் தந்த ஆளோ!

— பொறு. பொறு நாயகி. அந்தாள் என்னத்துக்கு அப்பிடி ஒரு கதையைக் கட்டவேணும்?

— லிசின், அப்பா. முதல் நாள் மிஸ்ஸும் கார் எண்ணெயா இருக்கும் எண்டுதான் சொன்னவ. தமிழ் ஆக்கள் எண்டு சொல்லவே இல்லை. நான் கையை உயர்த்தி, "எப்பிடித் தெரியும் மிஸ்?" எண்டு கேட்டன். எல்லாரும் சிரிச்சவை. மிஸ் சிரிக்கேல்லை. "எனக்குத் தெரியாது, போய்ப் பாப்பம்" எண்டவ.

— பாத்து?

— கேக்குக்குப் போடுற பச்சைச் சாயத்தை, எங்கடை பார்க்கிங்கிலை மழைத்தண்ணி இறங்குற கானுக்கை ஊத்தினம். பச்சைத் தண்ணி பாலத்துக்கு அங்காலை, ஆறு இறங்கிப் போற பக்கம் போய் விழுந்தது. எண்ணெய் மிதக்கிறது பாலத்துக்கு இஞ்சாலை, ஆறு வாற பக்கம். தண்ணி திரும்பி மேலை ஏறுமே அப்பா?

— ஏறாது.

— அப்ப அது எங்கடை பில்டிங் எண்ணெய் இல்லை. "நான் நினைச்சது பிழை" எண்டு மிஸ் தன்ரை கையாலை போர்டிலை பெரிசா எழுதினவ.

— மாதாவே! அந்த மனுசியையோ நாங்கள்...

— அழாதை பிள்ளை. அப்ப அந்த எண்ணெய் எங்கையிருந்து வருது?

— ஆத்துக்கை எண்ணெய் வந்து விழுற பைப்பைப் பிடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு கானாப் பாத்துப் பாத்து மேலை போனம். மூடியைத் திறக்கத் திறக்க மணம் கூடிக்கொண்டு வந்தது. கடைசியிலை எங்கடை பள்ளிக்கூடத்துக்குள்ளையே வந்து நிண்டம்.

— பள்ளிக்கூடமோ!

— முந்தி ஹீற்றிங்குக்கு எண்ணெய் பாவிச்சவையாம். நிலத்துக்குக் கீழை ஒரு பெரிய தாங்கி. அதை எடுக்காமல் அப்பிடியே விட்டிட்டினம். இப்ப ஒழுகுது. பிரின்சிபலைக் கூப்பிட்டுக் காட்டினம். அவற்றை முகம் வெளிறிப் போச்சு. "இதோடை நிப்பாட்டு" எண்டு எங்களுக்கு முன்னாலையே மிஸ்ஸுக்குச் சொன்னவர்.

— எப்ப?

— நேற்று மத்தியானம்.

— நேற்றுப் பின்னேரம்தான் நாயகி, சீமோன் அண்ணை பதறிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தவர்.

— கடவுளே. உங்களை வைச்செல்லே அந்தாள்...

— ஓம். ஆறு ஆம்பிளையள் வரிசையா நிண்டு அந்தாளுக்கு நன்றி சொல்லிப்போட்டு வந்தனாங்கள். சீமோன் அண்ணைக்குப் போன் போடு, நாயகி. நாளைக்கு விடிய எல்லாருமாய்ப் போய், எங்களிலைதான் பிழை, ரீச்சரைத் திருப்பிக் கூப்பிடுங்கோ எண்டு கேப்பம். மாட்டன் எண்டால் வாசலை விட்டு அசையிறேல்லை.

— நாளைக்கு இல்லை அப்பா. இப்ப!

— ரெண்டு மணிக்குப் பிறம்ரனிலை வேலை பிள்ளை, இப்ப வெளிக்கிடவேணும். நான் போகாட்டில்...

— நான் கோட்டும் போடாமல் ஓடி வந்ததே இதைச் சொல்லத்தான், நீங்கள் ரெண்டு பேரும் விடேல்லை! "வீட்டை ஓடிப்போய்ச் சொல்லு" எண்டு மிஸ் போகேக்கை சொன்னவ. அந்த ஒழுகுற தாங்கி கிடக்கிறது கிரேட் வண் வகுப்பறைக்கு நேர் கீழை, அந்த மணத்தைச் சின்னப் பிள்ளையள் சுவாசிக்கக் கூடாதாம். பிட்சா நாள் எண்டு தம்பி இப்ப அந்த அறைக்கைதான் இருந்து சாப்பிடுறான்.