புனித வெள்ளி நாளிட்ட மருத்துவச் சான்றிதழ் குறித்து

பெயர் அருளப்பன், தகப்பனார் பெயர் சூசை, வயது 57, கல்வி எம்.ஏ., ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளிப் பொருளாதார ஆசிரியர், முகவரி இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டம் தொட்டிப்பாறை. நான் மனநிலை தவறியவன் என்று என் தம்பி சிலுவைராஜ் கொடுத்த மனுவின் மீதான விசாரணையில், 26.07.2025 சனிக்கிழமை, காவல் நிலையத்தில் அமர்ந்து என் கைப்பட எழுதித் தரும் வாக்குமூலம் இது. நடந்தவற்றைச் சொல்வதற்கு முன் இந்நிலையத்தின் மீதான என் குறைகளைப் பதிவு செய்கிறேன்.

1. 12.06.2025: என் குடிநீர்த் தொட்டியின் மூடி கழற்றப்பட்டு, தண்ணீரில் ஏலச்செடிக்கு அடிக்கும் மருந்தின் வாடை வந்ததைப் புகாராகக் கொடுத்தேன். ரசீது தரவில்லை. மழையில் செடியிலிருந்து வடிந்திருக்கும் என்று சொல்லப்பட்டது. தொட்டி வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறது. அதற்கு மேலே செடி எதுவும் இல்லை.

2. 02.07.2025: என் நிலத்தில் ஏழு மனைகளுக்கு நான் நட்டிருந்த எல்லைக் குச்சிகள் அனைத்தும் பிடுங்கப்பட்டு, ஒரே கட்டாகக் கட்டி என் வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தன. தலைமைக் காவலர், "மாஷே, இது குடும்பக் காரியமல்லே? வீட்டுல பேசித் தீத்துக்கோங்க" என்றார். ரசீது இல்லை.

3. 21.07.2025: யார் சொல்லி நிலத்தைக் கொடுக்கிறீர்கள் என்று நிலைய எழுத்தர் கேட்டார். இயேசு சொல்லி என்றேன். எனக்குக் குரல்கள் கேட்கின்றன என்று அவர் எழுதிவைத்துக் கையெழுத்துக் கேட்டார். நான் மறுத்தேன். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன்.

4. 23.07.2025 முதல் நேற்று வரை: பதிவெண் பலகை இல்லாத வெள்ளை வேன் ஒன்று, இரண்டு ஆட்களோடு, தினமும் மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக்குக் கீழே உள்ள வளைவில் வந்து நின்றது. மூன்று முறை தொலைபேசியில் சொல்லியும் யாரும் வரவில்லை.

இனி நடந்தவை.

1998-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப்படி நான்கு ஏக்கர் இருபது சென்ட் ஏலத்தோட்டமும் வீடும் எனக்குச் சொந்தம். தம்பிக்கு அவன் பங்கு அப்போதே பிரிந்துவிட்டது. என் மனைவி ரோசி 2022-இல் இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. நான் இறந்தாலோ, அறிவிழந்தவன் என்று ஆனாலோ நிலம் தம்பியின் கைக்குப் போகும்.

2024 ஆகஸ்ட் மழையில் பக்கத்து எஸ்டேட்டின் லயம் இடிந்து, அதில் குடியிருந்த ஏழு தொழிலாளர் குடும்பங்கள் எங்கள் ஆலயத்தின் கூடத்தில் தங்கவைக்கப்பட்டன. அதன் பின்னர் 13.10.2024 ஞாயிறு திருப்பலியில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு சொன்னதும், தன் சொத்தை விட மனமில்லாமல் முகம் வாடித் திரும்பிப் போன செல்வந்தனைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட்டது. முதல் வாசகம் வாசித்தவன் என்பதால் நான் மேடையருகே நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் கதவு தெரியும். கதவுக்கு அப்பால் குருவம்மாள் என்ற தொழிலாளி, திருப்பலிக்கு இடைஞ்சலாகச் சத்தம் வரக்கூடாதென்று, கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துணியின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பின்னர் ஏழு மாதம் யோசித்தேன். கணக்குப் பார்க்கத் தெரியாதவனல்ல. முப்பது ஆண்டு அதைத்தான் கற்பித்தேன். ஓய்வூதியமும் ஓர் அறையும் எனக்குப் போதும் என்று கண்டு, 04.05.2025 அன்று திருப்பலி முடிந்ததும் குடும்பத்துக்கு அறுபது சென்ட் வீதம் நிலம் முழுவதையும் ஏழு குடும்பங்களுக்கும் எழுதித் தரப்போவதாகச் சபையின் முன் அறிவித்தேன். குருவம்மாள் வெளியே வந்து, "சார், ஒங்க சாமி சொல்லுச்சுன்னு நீங்க குடுக்கீக. எங்க சாமி ஒண்ணும் சொல்லலியே, வாங்கலாமா?" என்று கேட்டாள். வாங்கலாம் என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் தம்பி சிரிக்கவில்லை.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, அந்த வசனத்த நானும் நாப்பது வருசமாக் கேக்குறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். ஆகவில்லை என்பது தெரிகிறது என்று பதில் சொன்னேன். அதன் பின்னர் அவன் என்னிடம் பேசவில்லை. குறைகள் ஒன்றிலும் இரண்டிலும் கண்டவை அதற்குப் பின் நடந்தவை.

22.07.2025 மாலை தம்பியின் மகன் ஜிஜோ ஒரு பையோடு வந்தான். அதில் இரண்டு சட்டைகளும், நாடா இல்லாத இரண்டு பைஜாமாக்களும், ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் இருந்தன. "பெரியப்பா, பாலக்காட்டுல நல்ல காத்து. ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அதுக்குள்ள இங்க எல்லாம் சரியாயிரும்" என்றான். அளவு சரியாக இருக்கிறதா என்று சட்டையை என் முதுகில் வைத்துப் பார்த்தான். மறுநாள் வேன் வந்தது. அன்றிரவே குருவம்மாள், "எங்களால ஒங்களுக்கு இந்தப் பாடு வேண்டாம் சார், லயத்துக்கே போயிருதோம்" என்று சொல்லியனுப்பினாள். அந்த லயத்துக்குக் கூரை கிடையாது.

இன்று காலை இந்நிலையத்தில் தம்பியின் மனுவோடு இணைத்த சான்றிதழை முதன்முறையாகப் பார்த்தேன். பாலக்காட்டில் ஒரு தனியார் மனநல நிலையத்தில், 18.04.2025 அன்று காலை பதினொரு மணிக்கு, தம்பி என்னை அழைத்துவந்ததாகவும், நாற்பது நிமிடம் பரிசோதித்ததில் எனக்கு மதம் சார்ந்த மனமயக்கம் இருப்பதாகவும் அதில் கண்டிருக்கிறது. அந்த மருத்துவரை நான் பார்த்ததில்லை.

18.04.2025 புனித வெள்ளி. எங்கள் ஆலயப் பங்கில் அன்று பதினான்கு வீட்டார் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளுக்கும் மலையேறிச் சிலுவை சுமப்பது வழக்கம். சிலுவை தரையில் படக்கூடாது. ஒருவர் தோளிலிருந்து நேராக அடுத்தவர் தோளுக்கு மாற வேண்டும். அன்று எட்டாம் நிலையிலிருந்து சுமந்தவன் நான். ஏறக்குறைய பதினொரு மணிக்கு, ஒன்பதாம் நிலையில், அதை என் தோளிலிருந்து தன் தோளுக்கு வாங்கியவன் சிலுவைராஜ். மலையிறங்கியதும் வழக்கப்படி பாகற்சாறு குடித்தோம். என் டம்ளரில் ஊற்றியவனும் அவனே. "மிச்சம் வைக்காமக் குடிண்ணே" என்றான். பங்குத்தந்தையும் முந்நூறு பேரும் பார்த்தார்கள். பங்கின் காணொளியில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது.

மே மாத அறிவிப்புக்கு முன்பே எனக்கு நோய் இருந்ததாகக் காட்ட அவனுக்கு ஏப்ரலில் ஒரு நாள் தேவைப்பட்டது. ஏலமும் மிளகும் வாங்கி விற்கும் தன் மலஞ்சரக்குக் கடை அடைத்திருந்த நாளைத் தேர்ந்தான். அன்று கடைக்கு விடுமுறை என்பது அவன் நினைவில் இருந்தது. எதற்கு விடுமுறை என்பது இல்லை.

தானப் பத்திரம் 04.08.2025 திங்கள் காலை பத்து மணிக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். இதை எழுதும் மேசைக்கு எதிரே உள்ள ஜன்னல் வழியே அந்த வெள்ளை வேன் தெரிகிறது. நேற்றுவரை என் வீட்டு வளைவில் நின்றது. இன்று நிலைய வாசலில் நிற்கிறது. ஓட்டுநருக்குத் தேநீர் கொண்டுபோனவர் இந்நிலையக் காவலர். குறித்த நேரத்தில் நான் பத்திர அலுவலகத்தில் இல்லையென்றால், மனம் மாறி வராமல் இருந்தேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் ஆகும். யாருடைய தூண்டுதலாலும் எழுதவில்லை. உரக்க வாசித்துக் காட்டிய பின்பே கையெழுத்திடுகிறேன். நகல்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பங்குத்தந்தைக்கும் இன்றே சென்றுவிடும் என்று நீங்கள் கருதிக்கொள்வது நல்லது.

என் முதல் இரண்டு புகார்களுக்கு ரசீது ஏன் இல்லை, அந்த வேன் யாருடைய உத்தரவின்படி நிற்கிறது, புனித வெள்ளியன்று மலைமேல் சிலுவையோடு நின்றவனைப் பாலக்காட்டில் பரிசோதித்தது எப்படி என்ற மூன்றுக்கும், 31.07.2025 வியாழன் மாலை ஐந்து மணிக்குள், வேன் வழக்கமாக வரும் நேரத்துக்கு முன், நிலைய முத்திரையோடு எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.

(ஒப்பம்)
சூ. அருளப்பன்